ச்சீ என்று எழுதியவர்களுக்கு

பதிவு நீளமானது. வகுப்பில் 40 நிமிடம் என் முன்னால் கைகட்டி உட்கார்ந்த பிள்ளைகள் இன்னொரு பத்து நிமிடம் உட்காரலாம், தப்பில்லை. சொந்தக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். முக்கியமாக உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டாள். பிலிப்பைன்ஸில் மருத்துவம் படிக்கிற பிள்ளை. ஓட்டல் மேஜையில் ஒரு தட்டு, தட்டில் கறுப்பாகச் சின்னச் சின்னதாக ஏதோ, பின்னால் சிரித்துக்கொண்டு அவள். இதன் பெயர் கமரு, நம் ஊர்ப் பிள்ளைப்பூச்சிதான் என்று அவளே கீழே எழுதியிருந்தாள். ஒளிக்கவில்லை.

முதல் பதில் அரை நிமிடத்தில் வந்தது: "ச்சீ." அப்புறம் வாந்தி எடுக்கிற பொம்மைகள். எண்ணினேன், 11. "இதுக்கா இத்தனை லட்சம் கட்டி அனுப்புனீங்க?" என்று ஒருவர். "நாய்க்கறி எப்பம்மா?" என்று இன்னொருவர். "மாப்பிள்ளை வீட்டுல யாரும் பாத்துறாம" என்று ஒரு அத்தை. எனக்குத் தம்பி முறை ஆகிறவர், படித்தவர், நல்ல வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுதியது இது: "லீவுக்கு வந்தா அவளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் எடுத்து வச்சிருங்கக்கா." அதற்கு ஆறு பேர் சிரித்திருந்தார்கள். அதே படத்தை அவள் முகநூலிலும் போட்டிருந்தாள். அங்கே என் பழைய மாணவர்கள் இரண்டு பேர் செய்த கேலியையும் பார்த்தேன். பெயர் சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

மத்தியானம் படத்தை எடுத்துவிட்டாள். ராத்திரி குழுவை விட்டே வெளியேறிவிட்டாள். எனக்குப் போன் போட்டு அழவெல்லாம் இல்லை. "ஆச்சி, நீங்களும் சாப்பிட்டீங்கன்னு நான் யார்ட்டயும் சொல்லல, கவலப்படாதீங்க" என்றாள்.

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தப் பதிவு. இருபது வயதுப் பிள்ளை, அறுபது தாண்டிய என்னை என் சொந்தக்காரர்களிடமிருந்து காப்பாற்றப் பார்க்கிறாள். அந்தக் காப்பு எனக்கு வேண்டாம். ஆமாம், நானும் சாப்பிட்டேன். ஒன்று இரண்டு இல்லை, ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அவளைப் பார்க்க நான் மூன்று வாரம் போயிருந்தது உங்களுக்குத் தெரியும். அவள் இருப்பது பம்பாங்கா மாகாணம், மணிலாவுக்கு வடக்கே. சமவெளி முழுக்க வயலும் கரும்பும், நடுவில் அராயத் என்று ஒற்றை மலை. 1991-இல் பினாட்டுபோ எரிமலை வெடித்துச் சாம்பல் மூடிய பூமி அது. இன்றைக்குப் பார்த்தால் பச்சைப் பசேலென்று கிடக்கிறது. அங்குள்ள மக்கள் கபம்பாங்கன்கள், மொழியும் தனி. சமையலுக்குப் பம்பாங்கா என்று பிலிப்பைன்ஸ்காரர்களே சொல்கிறார்கள். நாம் செட்டிநாடு என்று சொல்வது மாதிரி.

என் பேத்தி தங்கியிருக்கும் விடுதியில் இந்தியச் சமையல்தான். காலையில் இட்லி, மத்தியானம் சாம்பார், ராத்திரி சப்பாத்தி. "நம்ம சாப்பாடே கிடைக்கும், அவங்க சாப்பாட்டப் பக்கமே போக வேண்டாம்" என்று இங்கே ஆள் சேர்க்கிறவர்கள் பெருமையாகச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அங்கே நாலு வருடம் இருந்தும் அந்த ஊர்ச் சோற்றில் ஒரு வாய் வைக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த ஊர் நோயாளிகளின் நாடியைப் பிடித்துத்தான் படிக்கிறார்கள். ஆனால் அந்த வீடுகளில் என்ன சமைக்கிறார்கள் என்று கேட்டால் தெரியாது.

பேத்தியோடு படிக்கிற ஒரு கபம்பாங்கன் பிள்ளையும் அவள் அம்மாவும் எங்களை அந்த ஓட்டலுக்குக் கூட்டிப்போனார்கள். அம்மாவுக்கு விவசாயக் குடும்பம். பரிமாறிய பெண் எனக்கு 'லோலா' என்று பெயர் வைத்துவிட்டாள். பாட்டி என்று அர்த்தமாம். என்ன பேசினாலும் கடைசியில் "போ, போ" என்று முடித்தாள். எனக்குச் சுருக்கென்றது. பேத்தி சிரித்துக்கொண்டே, 'போ' என்றால் அங்கே மரியாதை, நம் 'ங்க' மாதிரி என்று விளக்கினாள். அப்புறம் நானும் தண்ணீர் கேட்கும்போதெல்லாம் 'போ' சேர்த்துக்கொண்டேன்.

முதலில் வந்தது 'புரோ'. சோற்றில் உப்பும் இறாலோ மீனோ கலந்து, மூடி வைத்து, நாள்கணக்கில் புளிக்க விட்டு, பிறகு பூண்டு வெங்காயம் தக்காளியோடு வதக்குகிறார்கள். கூடவே பொரித்த கெளுத்தி இனத்து மீன், வேகவைத்த கத்தரிக்காய், பச்சைக் கடுகுக்கீரை. கீரை இலையில் மீனையும் புளித்த சோற்றையும் வைத்துச் சுருட்டி வாயில் போட வேண்டும். வாசனை கொஞ்சம் தூக்கல்தான், மறுக்க மாட்டேன். ஆனால் பழைய சோறும் கருவாடும் தின்று வளர்ந்த நாக்குக்கு அது அந்நியமில்லை. அப்புறம் புளி போட்டுக் கொதிக்க வைத்த 'சினிகாங்', அதில் வெண்டைக்காயும் வள்ளைக்கீரையும். மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கோழியோடு பொங்கிய 'பிரிங்ஹே', நம் தேங்காய்ப்பால் சோற்றுக்குத் தங்கச்சி. பச்சை மாங்காயைக் கீற்றாக நறுக்கி, உப்பில் புளிக்க வைத்த கூனி இறால் விழுதைத் தொட்டுக்கொள்ளத் தந்தார்கள். மாங்காய்க்கு அங்கே 'மங்கா' என்று பெயர். நம் சொல்தான் மலாய் வழியாக அங்கே போயிருக்கிறது. நம் சொல்லை நூற்றாண்டுகளாக நாக்கில் வைத்திருக்கிறவர்களின் தட்டைப் பார்த்துத்தான் நாம் ச்சீ என்கிறோம்.

கடைசியில் 'திபோக் திபோக்' என்று எருமைப்பால் இனிப்பு. திபோக் என்றால் நாடித்துடிப்பாம். அடுப்பில் காயும்போது மேற்பரப்பு துடிக்கிறதால் அந்தப் பெயர். பேத்திக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், பாடப்புத்தகத்தில் வரும் இதயத்தைக் காட்டிக் காட்டி எனக்குச் சொன்னாள்.

நடுவில் வந்தது கமரு. பிள்ளைப்பூச்சியின் காலையும் இறகையும் கிள்ளிவிட்டு, வினிகர் பூண்டோடு வேகவைத்து, தண்ணீர் சுண்டியதும் வெங்காயம் தக்காளி போட்டு மொறுமொறுவென்று வதக்குவார்கள். அந்த அம்மா சொன்னார், வயலில் தண்ணீர் பாய்ச்சும்போது வளைக்குள் இருக்கிற பூச்சி மேலே வரும், சின்ன வயதில் இவர்களெல்லாம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களாம். நெல்லின் வேரைக் கடிக்கிற பூச்சி அது. மருந்தடித்து மண்ணையும் சேர்த்துக் கொல்லாமல் பிடித்துத் தின்றிருக்கிறார்கள். அந்தக் காலத்து விவசாயிக்கு இதைவிட என்ன வேண்டும்? ருசி கேட்கிறீர்களா? வெளியே வறுத்த கூனி மாதிரி, உள்ளே மாவு மாதிரி. புளிப்பு தூக்கல்.

அன்றைக்கு 'சிசிக்' என்று ஒன்றும் வந்தது. பன்றியின் தலைக்கறி, காதெல்லாம் சேர்த்துப் பொடியாகக் கொத்தி, சூடான இரும்புத் தட்டில் சீறிக்கொண்டே வரும். நான் சாப்பிடவில்லை. என்னவோ, பன்றி எனக்கு ஏறாது. "எனக்கு வேண்டாம்மா" என்றேன். அந்த அம்மா தட்டைச் சிரித்துக்கொண்டே தன் பக்கம் இழுத்துக்கொண்டு, எனக்கு இன்னொரு கரண்டி பிரிங்ஹே வைத்தார். அவ்வளவுதான். அவருக்கும் வருத்தமில்லை, எனக்கும் இல்லை.

உங்களோடு என் சண்டையே இங்கேதான். 'வேண்டாம்' ஒரு சொல், 'ச்சீ' வேறொரு சொல். வேண்டாம் என்றால் என் நாக்கைப் பற்றிச் சொல்கிறேன். ச்சீ என்றால் எதிரில் உட்கார்ந்திருக்கிற மனிதனைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் யாரும் பிள்ளைப்பூச்சி தின்ன வேண்டும் என்று நான் எழுதவில்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் சைவமே சாப்பிடுங்கள், உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பேத்தியின் வகுப்பில் ஒரு சைவப் பிள்ளை இருக்கிறாள். இவர்களோடு ஓட்டலுக்குப் போய், வெறும் சோறும் கத்தரிக்காயும் மாங்காயும் தின்றுவிட்டு, சிரித்துப் பேசிவிட்டு வருகிறாள். அவளால் முடிகிறது. ஆட்டு ரத்தத்தைப் பொரியல் பண்ணி, குடலைக் கழுவிக் குழம்பு வைத்து, தலைக்கறிக்குச் சண்டை போடுகிற என் சொந்தங்களால் முடியவில்லை.

சிசிக் கதையையும் கேளுங்கள். அந்தப் பெயர் 1732-ஆம் ஆண்டு கபம்பாங்கன் அகராதியிலேயே இருக்கிறது, புளிப்பான ஒரு பச்சடியாக. இப்போதைய சிசிக் வந்தது கிளார்க் என்ற அமெரிக்க விமானப்படைத் தளத்தால் என்பார்கள். தளத்துக்காரர்கள் பன்றித் தலையை வேண்டாமென்று ஒதுக்க, ஊர்ப் பெண்கள் அதை மலிவாக வாங்கிச் சமைத்தார்கள். ஆஞ்சலஸ் நகரத்தில் ரயில் பாதை ஓரம் கடை வைத்திருந்த லூசியா குனானன் என்ற அம்மாள் 1970-களில் அதைச் சுட்டுக் கொத்திப் பேர் வாங்கினார். இன்று நாடு முழுக்கச் சிசிக் கிடைக்கிறது. ஒதுக்கிய தலையை வைத்து ஊருக்குப் பேர் வாங்கித் தந்திருக்கிறார். நம் கைமணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தாத நாம் இந்த மாதிரிப் பெண்களைக் கும்பிட வேண்டாமா?

"நாய்க்கறி எப்பம்மா?" என்று கேட்டவருக்குத் தனியாக ஒரு பாடம். 1904-இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் உலகக் கண்காட்சி நடந்தது. பிலிப்பைன்ஸ் அப்போது அமெரிக்காவின் பிடியில். 47 ஏக்கரில் பிலிப்பைன்ஸ் கிராமங்களை வைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களைக் கொண்டுபோய் அதில் குடியமர்த்திக் காட்சிக்கு வைத்தார்கள். மிருகக் காட்சிசாலை மாதிரி மனிதக் காட்சிசாலை. வடக்கு மலைகளில் வாழும் இகோரோட் மக்களிடம், சில சடங்குகளின்போது நாயைப் பலியிட்டு உண்ணும் வழக்கம் இருந்தது. அந்தச் சடங்கை எடுத்து, நாயைக் கொண்டுவந்து கொடுத்துத் திரும்பத் திரும்பத் தின்ன வைத்து, கூட்டம் சேர்த்தார்கள். காசு கொடுத்துப் பார்த்த வெள்ளைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ச்சீ என்றார்கள். இவர்களை ஆளத்தான் வேண்டும் என்று அவர்கள் மனதுக்கு ஒரு சாக்கும் கிடைத்தது. ஒரு நாடு முழுக்க 'நாய் தின்னி' ஆனது அப்படித்தான். கறிக்காக நாயைக் கொல்வதற்கு எதிராக அந்த நாட்டில் 1998-லேயே சட்டம் வந்துவிட்டது. 120 வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரன் அடித்த கிண்டலை, அவனிடம் நாமும் அடிமையாக இருந்தவர்கள், இன்றைக்கு நம் பிள்ளையைப் பார்த்து அடிக்கிறோம். உங்களுக்கு வரலாறு எடுத்தவள் நான். என் பாடம் இவ்வளவுதானா ஏறியது என்று வெட்கமாக இருக்கிறது.

"சுத்தம் வேண்டாமா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டிருந்தான். வேண்டும் ஐயா. வேகவைத்து வதக்கியதில் என்ன அசுத்தம் கண்டாய்? ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் ஒரு அறிக்கையே வெளியிட்டது. உலகத்தில் மனிதர்கள் உண்ணும் பூச்சி இனங்கள் 1,900-க்கும் மேல் என்று கணக்குச் சொன்னது. தவளையைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு இன்னொன்று. நம் இந்தியா 1987-இல் தடை போடும் வரை தவளைக் காலை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. நம் வயல் தவளையை வெள்ளைக்காரன் முள்கரண்டியால் குத்தித் தின்றால் நாகரிகம், கபம்பாங்கன் தின்றால் காட்டுமிராண்டித்தனம். நல்ல கணக்கு.

ஊர்க் கதைக்கு வருகிறேன். தனித் தட்டு, தனித் தம்ளர் என்று எழுதிய தம்பிக்கு ஈசல் நினைவிருக்கிறதா? மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம், கரிசலில் புற்று வாயில் ஈசல் பொங்கும். விளக்கை வைத்து, கீழே சட்டியில் தண்ணீர் வைத்து, நம் ஆச்சி பிடித்துவருவாள். இறகைப் புடைத்துத் தள்ளிவிட்டு, அரிசியோடு வறுத்து, உப்பும் வற்றல்பொடியும் தூவி ஆளுக்கு ஒரு கை கொடுப்பாள். நீ என் பங்கிலும் கை வைப்பாய், உனக்குக் கொடுத்துத்தான் நான் தின்றிருக்கிறேன். அந்த ஈசல் எப்போது பூச்சி ஆனது? உனக்கு வேலை கிடைத்த பிறகா, டவுனில் வீடு கட்டிய பிறகா? ஈசல் தின்றதை இப்போது நம் வீட்டில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் நம்மை யாரோ ஒருவரோடு சேர்த்துவிடுவார்கள் என்று பயம். அந்த யாரோ யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தனித் தம்ளர் என்கிற யோசனை உனக்கு எந்த டீக்கடையிலிருந்து வந்தது என்பதும் தெரியும்.

நான் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், எண்பதுகளின் கடைசியில், நான்காம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அதிகம் பேச மாட்டான், கணக்கு நன்றாகப் போடுவான். மழைக்கு மறுநாள் காலை, டவுசர் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்து என் மேஜையில் வைத்தான். "எங்கம்மா வறுத்தது டீச்சர், உங்களுக்கு." பிரித்தேன். ஈசலும் அரிசியும். இன்னும் சூடு ஆறவில்லை. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது, சத்தியமாகச் சொல்கிறேன். அந்த நேரம் பக்கத்து வகுப்பு ஆசிரியை வருகைப் பதிவேட்டோடு என் அருகே நின்றுகொண்டிருந்தார். அவர் பொட்டலத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

நான் "ச்சீ" என்றேன். "இதையெல்லாமா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வருவாங்க? வெளிய போய்க் கொட்டிட்டு, கையக் கழுவிட்டு வா" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் கொட்டிவிட்டு வந்தான். கையையும் கழுவிவிட்டு வந்தான். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும் வரை அவன் என் மேஜை மேல் எதையும் வைத்ததில்லை. கணக்கு நோட்டைக்கூடப் பக்கத்துப் பையனிடம்தான் கொடுத்தனுப்புவான்.

அன்றைக்கு எனக்கு அருவருப்பே இல்லை. அது என்ன ருசி என்று தெரிந்தே சொன்னேன். நானும் அவனும் ஒரே தட்டு இல்லை என்று அந்த ஆசிரியைக்குக் காட்டுவதற்காகச் சொன்னேன். அதனால்தான் உங்கள் 11 வாந்தி பொம்மைகளையும் நான் நம்பவில்லை. அதில் பாதிப் பேருக்காவது உண்மையில் குமட்டியிருக்காது. பக்கத்தில் யார் நின்று பார்க்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போட்டிருப்பீர்கள். அந்தப் பையன் இந்தப் பக்கத்தைப் படிக்கிறானா தெரியவில்லை. படித்தால், தம்பி, உன் அம்மா வறுத்ததை நான் தின்றிருக்க வேண்டும்.

பேத்தி அன்று ஓட்டலில் கையால் சாப்பிட்டுக்கொண்டே ஒன்று சொன்னாள். வார்டில் நோயாளியிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பது இவர்களுக்குப் பாடத்தில் ஒரு பகுதியாம். கேட்கும்போது முகம் கொஞ்சம் கோணினாலும் அந்த ஆள் உண்மையைச் சொல்ல மாட்டாராம். சோறு, மீன் என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவாராம். "அதான் ஆச்சி, எல்லாத்தையும் ஒரு வாய் தின்னு பாத்துருவோம்னு இருக்கேன்" என்றாள். நீங்கள் கேலி செய்தது இந்தப் பிள்ளையைத்தான்.

டிசம்பரில் அவள் லீவுக்கு வருகிறாள். வீட்டில் இருக்கிற அதே தட்டில்தான் சாப்பிடுவாள், அதே தம்ளரில்தான் குடிப்பாள். அவளைப் பார்க்க வருகிறவர்களுக்கும் அதே தட்டு, அதே தம்ளர்தான். தனியாகக் கேட்கிறவர்கள் வீட்டிலிருந்து கொண்டு வந்துவிடுங்கள்.

அவள் எடுத்துவிட்ட படத்தை அவளிடம் கேட்டு வாங்கி, இப்போது நானே போடுகிறேன். இடது பக்கம் கறுப்பாக இருப்பது கமரு. நடுவில் வெள்ளைக் கிண்ணத்தில் புரோ. வலது ஓரத்தில் வளையல் போட்ட கை தெரிகிறதே, அது என் கை. அன்றைக்கு அவள் அதை வெட்டிவிட்டுத்தான் உங்களுக்கு அனுப்பியிருந்தாள்.